எம் மோட்டார் வண்டியும் மூன்று மானிகளும்

நம் கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு வியாசம் வரைந்தனுப்புமாறு அதன் ஆசிரியர் எமக்குக் கடிதம் விடுத்தபோது யாம் பெரிதும் மயங்கினோம். இலக்கிய நயம் எடுத்துரைக்க வல்ல பழைய மாணவர் பலர் உளர். யாமோ பௌதிக வகுப்பிலிருந்து வெளியேறி, நெய்வேலி நகரியத்தில் வாழ்ந்து, ஓய்ந்த வேளையில் ஒரு பழைய காரின் மூடியைத் திறந்து கைகளைக் கரியாக்கிக் கொள்பவர். ஆயினும் அறிந்ததை எழுதுதலே தக்கதெனத் துணிந்து, எம் வீட்டு வாயிலில் நிகழ்ந்ததொன்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். டர்போ பொருத்திய வண்டியை உடைய அன்பர்க்கு இஃது ஒருவாறு பயன்படும், ஏனையோர் பொறுத்தருள்வாராக.

டர்போ என்பதன் இலக்கணம் எளிது. எஞ்சினை விட்டு வெளியேறும் வெம்புகை வீணே போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை ஈர்த்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகின்றது. மிகுந்த காற்றோடு மிகுந்த பெட்ரோலும் சேர்ந்து எரிய, சிறிய எஞ்சின் பெரியதன் வேலையைச் செய்கின்றது. ஆல்பிரட் பியூச்சி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பொதுமக்கள் வாங்கும் காரில் இது வந்தது 1962-இல். அவ்வாண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்னும் வண்டியில், எரிகலவை அகாலத்தில் வெடித்துத் தட்டுவதைத் தடுக்கும்பொருட்டு நீரும் மெதனாலும் கலந்த திரவமொன்றைத் தனித்தொட்டியில் நிரப்பி வைத்தல் வேண்டும். உடையவர் பலர் நிரப்ப மறந்தனர். கண்ணெதிரே உள்ளதைக் காணாதிருத்தல் அன்று தொட்டே இவ்வண்டிகளோடு பிறந்த நோய் போலும்! நம் நாட்டில் பெட்ரோல் டர்போ கார்கள் ஃபியட் லீனியா டி-ஜெட் 2010-இலும், வோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இலும் வந்தபின் இளைஞரிடையே பெரிதும் பேசப்பட்டன. அத்தகையதொரு வண்டியைத்தான் எம் தம்பி பழையதாக வாங்கினான். அதன் பெயர் ஈண்டு வேண்டா. நேர்ந்த குற்றம் அதனுடையதன்று, எம்முடையது.

அந்த 1962-ஆம் ஆண்டு எம் குடும்பத்துக்கு வேறொரு வகையில் உரியது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணறுகளில் கண்ட கரும்பொருளால் பெயர் பெற்ற இவ்வூரில், சோவியத் நாட்டின் துணைகொண்டு எழுப்பிய முதல் அனல்மின் நிலையத்தின் முதற்பகுதி அவ்வாண்டிலேதான் மின்சாரம் தந்தது. எம் தந்தையார் பிற்காலத்தில் அந்நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்து, மணிக்கொரு தடவை மானிகளை நோக்கி லாக் ஷீட்டில் எழுதும் பணியிலேயே முப்பதாண்டு கழித்தவர். மானியைப் பார்த்து வாழ்வது இவ்வூருக்கே இயல்பு. பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே அடைபட்டிருக்கும் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்துகின்றது. இரவு பகலாக இறைத்து அவ்வழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகும். கண்ணுக்குத் தோன்றாத அழுத்தத்தை ஒரு முள்ளால் அறிந்துகொண்டு அதன்மேல் நின்று தொழில் செய்யும் ஊர் இது.

தந்தையார் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப்பின், 2020-இல் அந்த முதல் நிலையம் மூடப்பட்டது. தம்பி நிறுவனத்தில் பணியாற்றுவதால் யாவரும் இன்னும் நகரியத்து வீட்டிலேயே குடியிருக்கின்றோம். அவ்வாண்டு முதல் தந்தையார் அந்நிலையம் இருந்த திசையில் மாலையுலா செல்வதை நிறுத்திக்கொண்டார். காரணத்தை யாம் கேட்கவுமில்லை, அவர் கூறவுமில்லை. பேச்சும் குறைந்தது.

இனி விபத்தைச் சொல்வோம். தம்பி வண்டியின் ஈ.சி.யூ. எனப்படும் கணிப்பெட்டியை ஒரு பட்டறையில் ரீமேப் செய்வித்து, டர்போவின் அழுத்தத்தைத் தயாரித்தோர் வைத்த அளவினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூட்டினான். (மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியைத் தயாரித்தோர் குறித்த நிலையினின்று மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது என்பதை யாம் அறியாமலில்லை, அறிந்தே வாளாவிருந்தோம்.) பெட்ரோல் பம்ப்பைச் சோதித்து மாற்றுக என்று அப்பட்டறையார் சொன்னதை அவன் ஒத்தி வைத்தான். பம்ப்புக்கென எடுத்து வைத்த பணத்தில் அழகிய பூஸ்ட் கேஜ் ஒன்று வாங்கி, நீல விளக்கொளியுடன் கண்ணாடித் தூணருகே பொருத்தினான். நண்பர் பலர் வந்து கண்டு வியந்தனர். யாமும் வியந்தோம் என்பதை மறைப்பானேன்?

2025-ஆம் ஆண்டு கோடையில் ஒரு மாலை, கும்பகோணத்திலிருந்து திரும்புகையில், சேத்தியாத்தோப்பைக் கடந்து நெடுஞ்சாலை வெறிச்சோடியிருந்த இடத்தில் தம்பி காலை முற்றும் அழுத்தினான். பூஸ்ட் கேஜின் முள் தான் நிற்கவேண்டிய இடத்திற் பிசகாமல் நின்றது. “அண்ணா, பார்த்தீர்களா, எவ்வளவு நேர்த்தி!” என்று அவன் கூறி வாய் மூடுமுன் எஞ்சின் ஒருமுறை இருமினாற்போல் அதிர்ந்தது, பின்னே வெண்புகை எழுந்தது, வண்டி தளர்ந்து ஓரத்தில் நின்றது. அப்போதும் எரிந்துகொண்டிருந்தது அந்த நீல விளக்கொன்றே.

எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் தலையில் ஒரு விரல் நுழையுமளவு துளை கண்டோம். ஓரங்கள் மெழுகுபோல் உருகியிருந்தன. காற்று நிறைய வந்தது. அதற்கேற்ற பெட்ரோல் வரவில்லை. தேய்ந்த பம்ப் பழைய தேவைக்கே அரிதின் ஈடு கொடுத்தது. கூட்டிய தேவைக்கு ஈடு கொடுக்கவில்லை. இடையே பெட்ரோலும் மாறிவிட்டது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலே இப்பொழுது நாடெங்கும் கிடைப்பது. எத்தனால் தட்டலை எதிர்க்கும் நல்ல குணமுடையது. அதனைப் பழிப்பது நியாயமன்று. எனினும் அதே காற்றை எரிக்கக் கலப்பற்ற பெட்ரோலினும் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு மிகுதியாக அக்கலவை வேண்டும். தளர்ந்த பம்ப்புக்கு அந்த எட்டுப் பங்கே பெருஞ்சுமை. பூஸ்ட் கேஜ் பொய் சொல்லவில்லை. யாம் கேளாததை அது சொல்லவில்லை, அவ்வளவே.

எஞ்சினைப் புதுப்பிக்கத் தம்பி இரண்டாண்டு சேர்த்த பணம் முழுதும் சென்றது. வண்டியை விற்றுவிடலாம் என அன்னையார் நாள்தோறும் கூறினர். தம்பியோ கூடத்திற் பாய் விரித்து அமர்ந்து, இனி வாங்கவேண்டிய மானிகளை ஒரு தாளில் எழுதினான்: பூஸ்ட், காற்று–எரிபொருள் விகிதம், ஆயில் பிரஷர், ஆயில் வெப்பம், தண்ணீர் வெப்பம், புகை வெப்பம், பெட்ரோல் பிரஷர், பாட்டரி வோல்ட், கடிகாரம். ஆக ஒன்பது. தந்தையார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். பல மாதங்களுக்குப்பின் அவர் தாமாக ஒன்றைக் கையில் எடுத்தது அதுவே.

“சின்னவனே, முள் சிவப்புக்குப் போனால் உன் கை என்ன செய்யும்?” என்று வினவினார்.

“காலை எடுப்பேன், அப்பா.”

“ஒன்பதுக்கும் அதேதானா? எத்தனை நொடியில் எடுப்பாய்?”

தம்பி விழித்தான். யாம் ஒரு கணக்குப் போட்டோம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்றுச் சுழல்கையில் நொடிக்கு 133 தடவை எரிகின்றது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் விலக ஒரு நொடியேனும் கழியும். அதற்குள் நூற்றுமுப்பது எரிதல்கள்! பிஸ்டனுக்கு அது போதும்.

தந்தையார் தாளின் பின்புறத்தில் மூன்று கோடு கிழித்தார். மின் நிலையத்தில் எல்லா அளவையும் ஒரே வகையில் வைப்பதில்லை என்றார். சில மெல்ல மாறுபவை. அவற்றைக் கண்ணால் நோக்கி எழுதிவைத்தால் போதும். சில சற்று விரைவன. அவற்றுக்கு அலாரம் வேண்டும், மனிதன் அப்புறம் பார்த்துக்கொள்வான். சிலவற்றுக்கு மனிதனையே நம்பக்கூடாது. அவை எல்லை கடந்தால் யந்திரம் தானே தன்னை நிறுத்திக்கொள்ளும், அதற்கு டிரிப் என்று பெயர். “எது எந்த வரிசை என்று முதலில் எழுது. கடைக்குப் பிறகு போகலாம்,” என்றார். அன்றிரவு உணவு ஆறிப்போயிற்று; எங்கள் மூவருக்கும் அது தெரியவில்லை.

முதல் இடம் ஆயில் பிரஷருக்கு என்பதில் தந்தையார் ஐயம் கொள்ளவில்லை. அவர் பார்த்த நீராவி டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று; பேரிங்குக்குச் செல்லும் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் அத்தனை பெரிய யந்திரமும் டிரிப் ஆகிவிடும். எம் காரின் டர்போ ஒரு கைப்பிடிக்குள் அடங்குவது; அது சுழல்வதோ ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்று. மெல்லிய ஆயில் ஏட்டின்மேல் மிதந்து சுழலும் அவ்வச்சுக்கு ஆயில் சில நொடி தவறினும் கதி அதோகதி. இதைக் கேட்டபோது தந்தையார் “இரண்டு லட்சமா?” என்று இருமுறை கேட்டுக்கொண்டார். வண்டியோடு வந்த ஆயில் விளக்கை நம்பலாகாதோ எனில், அவ்விளக்கு அழுத்தம் ஏறத்தாழ அரைக் கிலோவுக்குத் தாழ்ந்த பின்னரே எரியும்; எஞ்சின் விரைந்து சுழல்கையில் அஃது இரங்கற்பா பாடுவதற்கொப்பாகும். ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் பழைய கணக்கு. யாம் 2500 சுற்றுக்குமேல் 2 கிலோவுக்குத் தாழ்ந்தால் அலாரம் ஒலிக்குமாறு ஏற்பாடு செய்தோம்.

இரண்டாவது, காற்று–எரிபொருள் விகிதம். புகைக்குழாயில் பொருத்திய உணரி எஞ்சிய பிராணவாயுவை அளந்து கலவையைச் சொல்கின்றது. இதிற் சாதாரண வகை ஒன்றும், வைட்பேண்ட் என்னும் அகன்ற வகை ஒன்றும் உண்டு. முன்னது கலவை சரிநிலைக்கு இப்பாலா அப்பாலா என்று மட்டுமே கூறும். எவ்வளவு என்பதைப் பின்னதே கூறும். ஆகவே வைட்பேண்டையே கொள்ளல் வேண்டும். ஈண்டு ஒரு நுட்பம்: பெட்ரோலின் சரிநிலை 14.7 என்று நூல்கள் கூறும். அது கலப்பற்ற பெட்ரோலுக்கு. 20 பங்கு எத்தனால் கலந்ததற்கு அஃது ஏறத்தாழ 13.5 ஆகிவிடும். முகப்பில் 14.7-ஐ அடிப்படையாகக் கொண்டு எழுதிய எண்கள் இன்றைய பெட்ரோலுக்கு உண்மை விகிதமல்ல, வெறும் குறியீடுகள். உணரி மெய்யாக அளப்பது லாம்டா என்னும் ஒப்பீடு: எந்த எரிபொருளாயினும் சரிநிலை 1. அழுத்தம் ஏறிய வேளையில் 0.80 முதல் 0.85 வரை நிற்றல் நன்று. ஆதலால் லாம்டா முகப்பையே தேர்ந்தோம். தம்பிக்கு இதில் மனம் ஒப்பவில்லை. நண்பர் யாவரும் “பன்னிரண்டு, பதினொன்றரை” என்று பேசுகையில் தான் மட்டும் “பூச்சியம் புள்ளி எட்டு இரண்டு” என்றால் நகைப்பார்களே என்றான். நகைக்கட்டும் என்றோம்.

மூன்றாவதிலேதான் வழக்குப் பிறந்தது. தம்பி புகை வெப்பமானியை விரும்பினான். டர்போவுக்கு முன்னே, புகை முதலில் கூடும் இடத்தில் வெப்பவிரட்டைக் கம்பியை நட்டால் எஞ்சின் படும் பாட்டை மறைவின்றிச் சொல்லும். 900 பாகைக்கு மேற்பட்ட அச்சூட்டில் நாளும் நின்று அதிரும் அக்கம்பி என்றேனும் முறிந்தால்? துண்டு நேரே டர்பைன் சக்கரத்தில் போய் விழும். “எங்கள் டர்பைனுக்கு முன்னால் நீராவி வரும் வழியில் வடிகட்டி வைத்திருப்போம். உன்னுடையதற்கு உண்டா?” என்றார் தந்தையார். இல்லை. டர்போவுக்குப் பின்னே வைத்தால் அபாயம் குறையும், ஆனால் அங்கே புகை தன் சூட்டிற் பெரும்பங்கை இழந்துவிடும். பந்தயக்காரர்க்கு அது வேண்டப்படலாம். காய்கறி வாங்கவும் செல்லும் வண்டிக்கு வேண்டாவென விடுத்தோம். பெட்ரோல் பிரஷரும் நல்ல மானியே. அதன் குறை லாம்டாவில் உடனே தோன்றிவிடுமாதலின் ஒன்றையே வைத்தோம். (அதனை வைப்போர் பெட்ரோல் குழாயை வண்டிக்குள் இழுக்கற்க, மின்கம்பியால் உணர்த்தும் வகையே தகும்.) கடிகாரம் அன்னையாரின் பரிகாசத்தால் நீங்கிற்று.

கடைசியில் மூன்றாம் இடம், யாவரும் வெறுத்திருந்த அந்தப் பழைய பூஸ்ட் கேஜுக்கே கிடைத்தது. பூஸ்ட் என்பது எஞ்சினுக்குள் புகுந்த காற்றின் அளவன்று, புகாமல் வாயிலில் நெருங்கி நிற்கும் காற்றின் அழுத்தம். சூடேறிய காற்று அழுத்தம் காட்டியும் இளைத்திருக்கும். ஆகவே பெருமைக்கு அது உதவும், எச்சரிக்கைக்கு உதவாது என்று எண்ணியிருந்தோம். தந்தையார் வேறு வகையிற் கண்டார். வழக்கமான இடத்தினின்று முள் தாழ்ந்தால் எங்கோ ஹோஸ் விட்டிருக்கின்றது. உயர்ந்தால் மிகைப்புகையை விலக்கும் வேஸ்ட்கேட் சிக்கியிருக்கின்றது. “முள் எவ்வளவு ஏறுகின்றது என்று பார்க்காதே, நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்கின்றதா என்று பார்,” என்றார். நீல விளக்கை மட்டும் கழற்றச் சொன்னார். இரவில் அது முன்கண்ணாடியில் நிழலாடிச் சாலையை மறைத்தது.

தண்ணீரின் வெப்பத்துக்கு வண்டியின் சொந்த முள்ளே உண்டெனினும், இக்காலத்துக் கார்களில் அம்முள் ஏறத்தாழ 80 பாகை முதல் 105 வரை நடுவிலேயே அசையாது நிற்குமாறு செய்யப்பட்டிருத்தல் பலர் அறியாதது. உடையவர் அஞ்சாதிருக்கும்பொருட்டாம்! ஆகையால் ஈ.சி.யூ.விலிருந்து மெய்யெண்ணை எடுத்துக்காட்டும் சிறு கருவியொன்றை மலிவாக வாங்கி அலாரத்தோடு செருகினோம்.

பொருத்தும் வேலை எமக்குக் கல்லூரிப் பௌதிகச் சாலையை நினைவூட்டியது. அங்கே பித்தளை அழுத்தமானி ஒன்று சுவரில் தொங்கும். 1849-இல் யூஜின் போர்டோன் என்னும் பிரெஞ்சுக்காரர் உரிமை பெற்ற வளைகுழாய் வகையது. அழுத்தம் ஏற வளைவு சற்றே நிமிர, பற்சக்கரம் முள்ளைத் தள்ளும். பூச்சியப் பிழையைக் குறிக்காமல் அளவெடுத்த எம் நோட்டை எம் பேராசிரியர் திருப்பித் தந்தது ஒருமுறையன்று. எஞ்சினை நிறுத்திவைத்து ஒவ்வொரு முள்ளும் பூச்சியத்தில் நிற்கின்றதா என்று தம்பி நோக்கியபோது யாம் அவரை நினைந்து கொண்டோம். வைட்பேண்ட் உணரியைக் குழாயின் அடியில் நடலாகாது. படியும் நீர் உட்புகுந்து அதன் சூடேறிய பீங்கானை உடைத்துவிடும். கிடைமட்டத்துக்குமேல் பத்துப் பாகையேனும் சாய்த்து, டர்போவுக்கு அப்பால் நடுதல் முறை. தந்தையார் செய்வித்த ஒன்றைத் தனியே கூறவேண்டும். ஆயில், பூஸ்ட் ஆகிய இரண்டு மானிகளின் உடலையும் தம் இருக்கையில் திருகி, வழக்கமான ஓட்டத்தில் இரு முட்களும் நேர் மேலே நோக்குமாறு நிறுத்தினார். எழுத்துக்கள் கோணலாயின. தம்பிக்கு வருத்தமே. ஆனால் எண்களைப் படிக்கவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. இரண்டும் நிமிர்ந்து நின்றால் நலம், ஒன்று சாய்ந்தால் கண் தானே அங்குச் செல்லும்.

எஞ்சின் பழகியபின், வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுசென்று உருளைமேடையில் ஏற்றினோம். புதிய பம்ப், தயாரித்தோர் குறித்த பழைய அழுத்தம், கூட்டியதெல்லாம் நீக்கப்பட்டது. நீக்கச் சொன்னவன் தம்பியே, யாம் அல்லேம். தட்டலைக் கேட்க மேடைக்காரர் எஞ்சின் உடலோடு இணைத்த ஒலிவாங்கியைக் காதில் மாட்டிக்கொண்டார். அதற்கு ஒத்த முள் இன்னும் எம் கையில் இல்லை. பிறகு டிரிப்பைச் சோதித்தோம். பூஸ்ட் அரை பாருக்கு மேற்பட்ட வேளையில் லாம்டா 0.90-ஐத் தாண்டின் ஈ.சி.யூ. தானே அழுத்தத்தை விட்டுவிடவேண்டும். எல்லையை வேண்டுமென்றே இறுக்கி வைத்து ஓட்டியபோது, எஞ்சின் உறுமி எழுந்த நடுவிலே கயிறறுந்தாற்போல் தணிந்தது. நிழலில் நின்றிருந்த தந்தையார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நேரம் குறித்துக்கொண்டார்.

இப்பொழுது அவர் ஞாயிறுதோறும் முன்னிருக்கையில் அமர்ந்து எம்மோடு வருகின்றார். வடலூர் வரையிலும், சில நாள் பண்ருட்டி வரையிலும் போய் மீள்வோம். மடியில் நீண்ட நோட்டொன்று. அதிற் கோடிட்டு, நேரம், இடம், ஆயில், லாம்டா, பூஸ்ட், தண்ணீர், குறிப்பு என ஏழு கட்டங்கள். கால் மணிக்கொருமுறை எழுதுவார். சென்ற வாரம் திரும்பும் வழியில், முதல் நிலையம் இருந்த பக்கமாகப் போகச் சொன்னார். வண்டியை நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வீட்டு வாயிலை அடைந்ததும் தம்பி சாவியைத் திருப்பக் கை நீட்டினான். தந்தையார் தடுத்தார். நீராவி டர்பைனை நிறுத்தியபின் அச்சு வளையாதிருக்க அதனைப் பல மணி நேரம் மெல்லத் திருப்பிக்கொண்டேயிருப்பார்களாம்; இதற்கு இரண்டு நிமிஷமாவது ஆயில் ஓடட்டும் என்றார். மூவரும் உள்ளேயே அமர்ந்திருந்தோம். அன்னையார் கதவருகே வந்து, ஏன் இறங்கவில்லை என்று கேட்டுப் போயினர். பிறகு எஞ்சின் அடங்கிற்று. முட்கள் பூச்சியத்தில் வந்து படிந்தன. தந்தையார் கடைசிக் கட்டத்தில் “வழக்கம்போல்” என்று எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கென அதன்கீழ்ப் புதிய கோடு ஒன்று கிழித்துவைத்தார்.